பிள்ளைகள் வரையும் தெருச்சுவர்

குரோம்பேட்டையில் புதிதாக வெள்ளையடித்த மதில் ஒரு வாரம் வெறுமையாக நிற்பது அபூர்வம். கட்சிக்காரர்கள் வந்து கட்டம் இழுத்து, பெயரும் ஆண்டும் போட்டு ‘ரிசர்வ்’ செய்துவிடுவார்கள். அவர்கள் விட்டுவைத்தால் டியூஷன் சென்டர் போஸ்டர், பெண்கள் விடுதி போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அதே மதிலில் தெருப் பிள்ளைகள் வரைந்த படம் இருந்தால் பசை வாளியோடு வருகிறவர் கொஞ்சம் தயங்குவார். அவருடைய பிள்ளையோ அவர் அண்ணன் பிள்ளையோ அதே பள்ளியில் படிக்கலாம். சட்டத்துக்கு இல்லாத பலம் அந்தத் தயக்கத்துக்கு உண்டு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது. அதனால் போஸ்டர் எவ்வளவு குறைந்தது என்பது ஜி.எஸ்.டி. சாலையில் நடந்தாலே தெரியும்.

உங்கள் தெருவில் அப்படியொரு சுவரை உருவாக்க என்ன வேண்டும் என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. முதலிலேயே ஒரு நிபந்தனை: சுவரைத் தயார் செய்வதும் அனுமதி வாங்குவதும் பெரியவர்கள் வேலை, படத்தில் அவர்கள் கை வைக்கக் கூடாது. இங்கே சுவரோவியங்கள் கெட்டுப்போகும் வழிகளில் பாதி இந்த வேலைப் பிரிவினை தலைகீழாவதால் வருகிறது. பெரியவர்கள் பாசி படிந்த சுவரை அப்படியே பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, பிறகு பிள்ளைகள் வரைந்த மூக்கைத் திருத்தப் போகிறார்கள்.

இதற்கு முன் செய்தவர்கள்

சென்னை மாநகராட்சி 2010 வாக்கில் அண்ணா சாலை மதில்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோயிருந்த பேனர் ஓவியர்களுக்கு அது கொஞ்ச காலம் கைகொடுத்தது. 2020-இல் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களை ஓவியங்களாக்கின. ஒருமுறை போய்ப் பாருங்கள். நான்கு மாடி உயரத்துக்குச் சிரிக்கும் முகங்களைப் பார்த்த பிறகு உங்கள் ஆறடி மதிலைச் சின்னதென்று நினைக்க மாட்டீர்கள். சுவர் என்பது எவ்வளவு பேசும் என்று புரியும். ஆனால் அவை தேர்ந்த ஓவியர்களின் கைவேலை. பிள்ளைகளின் கைக்கு வேறு முன்மாதிரி தேவை.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் கரையில் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976 கோடையில் தொடங்கிய வேலை அதுதான். முதல் கோடையில் வரைந்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ், கோர்ட் என்று அலைந்துகொண்டிருந்த இளவட்டங்கள். 1983 வரை ஐந்து கோடைகளில் நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்து கலிஃபோர்னியாவின் வரலாற்றை 2,754 அடி நீளத்துக்கு வரைந்து முடித்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. தூரிகையைத் தொடும் முன் வரலாறு தெரிந்தவர்களிடமும் அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இந்தக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கட்டத்தைத்தான் நம் ஊரில் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

சுவரும் அனுமதியும்

ஜி.எஸ்.டி. சாலை மதில் வேண்டாம். எல்லோர் கண்ணிலும் படும் என்பது உண்மைதான். அங்கே முப்பது பிள்ளைகளை நிறுத்திவைக்க முடியாது. உள்தெரு, பள்ளியின் வெளி மதில், பூங்கா மதில், நூலகச் சுவர் போதும். மின்மாற்றி இருக்கும் இடத்தையும் திறந்த கால்வாய் ஓரத்தையும் விட்டுவிடுங்கள். நடைபாதையாவது, வண்டி வராத பத்தடி இடமாவது முன்னால் இருக்க வேண்டும். மேற்கு பார்த்த சுவரானால் மாலை வெயில் முழுவதும் அதன்மேல் விழும், வண்ணம் சீக்கிரம் வெளிறும். மர நிழலோடு கிழக்கு பார்த்த சுவர் கிடைத்தால் விட வேண்டாம்.

அனுமதி யாரிடம் என்பது சுவர் யாருடையது என்பதைப் பொறுத்தது. பழைய பல்லாவரம் நகராட்சியில் இருந்த குரோம்பேட்டை, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. 70 வார்டு, 5 மண்டலம். மாநகராட்சிச் சுவர் என்றால் மண்டல அலுவலகத்தில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு மனு கொடுத்து, வார்டு கவுன்சிலரிடமும் நேரில் சொல்லுங்கள். ரயில் நிலையச் சுவர் என்றால் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம்; அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தனியார் மதில் என்றால் வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள். எத்தனை ஆண்டு படத்தை அழிக்காமல் வைத்திருப்பார், இடித்துக் கட்ட நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்வாரா என்ற இரண்டும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

பள்ளிக்குள் உங்கள் முதல் ஆள் ஓவிய ஆசிரியர். அரசுப் பள்ளிகளில் அவர் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு நியமிக்கப்பட்டவர்களில் ஒருவராக இருக்கலாம். வாரத்தில் சில அரைநாள் மட்டும் வருகிறவருக்கு உங்கள் வேலை கூடுதல் சுமை என்பதை மனதில் வைத்து, அவர் வரும் நாட்களை ஒட்டியே அட்டவணை போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசித் தீர்மானமாக எழுதிவிட்டால் பின்னால் தலைமையாசிரியர் மாறினாலும் வேலை நிற்காது. பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டும். அதில் புகைப்படம் எடுக்கலாமா என்ற கேள்வியும் இருக்கட்டும்.

என்ன வரைவது

நாற்பது பிள்ளைகளிடம் “நம்ம ஊரை வரைங்க” என்று தாள் கொடுத்துப் பாருங்கள். முப்பது தாளில் ஒரே படம் வரும்: இரண்டு மலை, நடுவே எட்டிப்பார்க்கும் சூரியன், ஓலைக் குடிசை, பக்கத்தில் தென்னை, முன்னால் வளைந்து ஓடும் ஆறு, வானத்தில் நான்கைந்து பறவை. குரோம்பேட்டையில் பிறந்து மூன்றாம் மாடியில் வளரும் பிள்ளையும் அதைத்தான் வரையும், அதுதான் படம் என்று கற்றுக்கொடுத்திருப்பதால். அதைக் கேலி செய்ய வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைத் தாண்டி வெளியே வருவதற்கு நடை ஒன்றுதான் வழி.

ஒரு சனிக்கிழமை காலை, பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பெரியவர்களோடு கிளம்புங்கள். கையில் அட்டையும் பென்சிலும் மட்டும். ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஒரு குழு நிற்கட்டும். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய அதே பாதை அது. இன்னொரு குழு காய்கறிக் கடைகளுக்குப் போகட்டும். மூன்றாவது குழு ஒரு மொட்டை மாடியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்க்கட்டும். நின்ற இடத்திலேயே வரையச் சொல்லுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். திரும்பி வரும்போது தாள்களில் குடிசை இருக்காது. ஷேர் ஆட்டோ இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆட்டோவைவிடப் பெரிதாக இருப்பார்கள். அந்த நெருக்கத்தை அந்தப் பிள்ளை அப்படித்தான் பார்த்தது. பூக்கடை அக்காவின் விரல்கள் தோள் அளவுக்கு நீண்டிருக்கும், ஏனென்றால் பூத் தொடுக்கும்போது அசைவது அவைதான். இந்த அளவுகளைத் திருத்துகிறவர் படத்தின் உயிரை எடுத்துவிடுகிறார்.

பழையதும் வேண்டும். பெரியவர்களை வகுப்புக்கு வரவழைத்துப் பேசச் சொல்லுங்கள்; தாத்தா பாட்டிகள் இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஊரின் பெயருக்குக் காரணமான குரோம் தோல் தொழிற்சாலையை சேம்பர்ஸ் என்பவர் 1912-இல் தொடங்கினார்; தோல் பதனிடும் வேலை தெரிந்த குடும்பங்கள் இன்னும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. பக்கத்துப் பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர்கள் இந்தியாவில் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சான்று அந்தக் கல். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். தங்கள் ஊருக்கு வரலாறு கிடையாது, அது தஞ்சாவூருக்கும் மதுரைக்கும்தான் என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள். அனகாபுத்தூர் நெசவு, திருநீர்மலை, சிட்லப்பாக்கம் ஏரியும் அதை மீட்கப் பாடுபட்ட குடியிருப்போரும், 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழை, இவையெல்லாம் சுவருக்கு வரவேண்டிய பொருள்கள். வெள்ளத்தை வரைய வேண்டாம், அது சோகம் என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைகள் அப்போது படகு வந்த கதையைக் கேட்டிருக்கிறார்கள். வரைய விரும்பினால் வரையட்டும்.

கலாம் முகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களில் அவர் முகமும் கீழே ஒரு பொன்மொழியும் இருக்கும் இடங்களுக்குக் கணக்கில்லை. குரோம்பேட்டைக்கு அவர்மேல் கூடுதல் உரிமை இருக்கிறது; 1949-இல் சி. ராஜம் இங்கே தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் அவர் விமானப் பொறியியல் படித்தார். அந்த வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததைத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். முகத்தை ஒரு ஓவியர் அச்சு வைத்து வரைவதைவிட, பறக்காத இரண்டு விமானங்களை ஒரு மாணவன் பார்த்துக்கொண்டிருப்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை வரைந்தால் அவருக்கும் மரியாதை, பிள்ளைக்கும் வேலை.

சாமி படங்களைச் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் காவலாக வரையும் வழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்துவது தவறு, பல மதத்துப் பிள்ளைகள் சேர்ந்து வரையும் சுவரில் அது பிரிவினையும் கொண்டுவரும். கட்சி நிறங்கள் ஒரே வரிசையில் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஏன் என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 2019 அதிபர் தேர்தலை அடுத்து நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களில் வரைந்தபோது, யாருடைய வீரர்கள், யாருடைய வரலாறு என்ற கேள்வி உடனே எழுந்தது. சுவரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் போலவே யார் இல்லை என்பதையும் ஊர் கவனிக்கும். துப்புரவுப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், வடமாநிலக் கட்டடத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஆகியோர் படத்தில் இருக்கிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சுவர் வேலை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பெயிண்ட் உரிவதற்கு வெயிலைவிட ஓதம் பெரிய காரணம். அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷனும் உப்புப் பூத்துத் தோலாகக் கழன்றுவரும். கண்டுபிடிக்க எளிய வழி: ஓரடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர் முத்து இருந்தால் அந்தச் சுவர் இப்போது வேண்டாம். புதுப் பூச்சு என்றால் நான்கு வாரம் ஆற வேண்டும்.

காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தொடவே வேண்டாம். பொங்கல் கழிந்து பிப்ரவரி வரை சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும், வெயிலும் கொல்லாது, ஆண்டுத் தேர்வுக்கும் இடம் விட்டதாக இருக்கும்.

ஒரு 100 அடி நீளம், 6 அடி உயர மதிலை எடுத்துக்கொள்வோம், 600 சதுர அடி. பழைய போஸ்டரைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டுங்கள். கம்பி பிரஷால் தேய்த்து, பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் காயவிடுங்கள். இதைப் பெரியவர்கள் கையுறையோடு செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். விரிசலுக்கு வெள்ளை சிமென்ட் பட்டி மட்டும். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டி மழைக்கு ஊறிக் கரையும். பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், ஏறக்குறைய ஆறு, ஏழு லிட்டர். அதன்மேல் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். லிட்டருக்கு ஐம்பது, அறுபது சதுர அடி வரும் என்று வைத்தால் பத்துப் பன்னிரண்டு லிட்டர். தரையிலிருந்து ஓரடிக்கு அடர் நிறப் பட்டை ஒன்று இழுத்துவிடுங்கள். மழையில் தெறிக்கும் சேறு அதோடு போகும்.

பிள்ளைகள் கையில் எனாமல் கொடுக்கக் கூடாது. டர்பெண்டைன் நெடி ஒரு காரணம், ஓதச் சுவரில் அது பாளம் பாளமாக உரியும் என்பது இன்னொன்று. வாங்கும் டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குக் குறைவு என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். 2017 நவம்பர் முதல் அது சட்டம். நிறத்துக்கு ஸ்டெய்னர் பாட்டில்களை வாங்கி வெள்ளையில் கலக்கலாம், ஆனால் இளநிறம் வரைக்கும்தான். அடர் சிவப்பு வர வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் பெயிண்ட் பிடிக்காது, கையில் ஒட்டும். அடர் நிறங்களைக் கடை மெஷினிலேயே கலந்து வாங்குங்கள், நிறத்தின் எண் எழுதிய சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். காவிச் சிவப்பும் மண் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு நிறங்கள், பல ஆண்டு தாங்கும். பளிச்சென்ற ரோஜாவும் எலுமிச்சை மஞ்சளும் முதலில் வெளிறும். அவற்றைச் சின்ன இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கலக்கத் தேவையான பழைய வாளி, டப்பா, மக் எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும்.

வரையும் நாட்கள்

தாளில் இருக்கும் படத்தைச் சுவருக்குப் பெரிதாக்க புரொஜெக்டர் தேவையில்லை. மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற அதே கணக்குதான். தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம். கொத்தனார் நூல் அடிப்பதுபோல் நூலில் சாக்பீஸ் தூள் தடவி இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு விலகி நில்லுங்கள். அந்தக் கோடு ‘டப்’ என்று விழுவதைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். கணக்கு வகுப்பில் வராத விகிதம் அரைமணியில் பிடிபடும்.

ஒரே நேரத்தில் சுவர் முன்னால் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்கள் மூன்றடிக்குள், மேல் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு மேலே. சாரம், ஏணி, நாற்காலி மேல் ஏறுவது எதுவும் பிள்ளைகளுக்குக் கிடையாது. காலை ஏழரையிலிருந்து பத்து, மாலை நாலரைக்கு மேல். சுட்ட சுவரில் பூசினால் பெயிண்ட் பிடிக்கும் முன்பே காய்ந்து தூளாகும், பிள்ளைகளுக்கும் தலைவலி. பழைய சட்டை, தொப்பி, குடிக்கத் தண்ணீர், கை கழுவ வேறு தண்ணீர். பிரஷ் கழுவிய நீரைக் கால்வாயில் ஊற்றாமல் ஒரு டிரம்மில் தெளியவிடுங்கள்.

உதவிக்கு வரும் பெயிண்டர் அண்ணனிடம் முன்பே பேசிவிட வேண்டும். நல்ல மனதோடுதான் கேட்பார், “மிஸ், இந்த மூஞ்சி கோணலா இருக்கு, நான் ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடவா?” வேண்டாம் அண்ணே என்று சொல்லுங்கள். அதே அண்ணனை, விளிம்பு வழியாமல் பிரஷ் பிடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தரக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் தன் வித்தையைச் சொல்லித்தரும் அரைமணி, அந்த மூக்கைவிட முக்கியம். படத்தின் ஓரத்தில் ஸ்பான்சர் பெயர் வர வேண்டும் என்று கேட்டால், அடிப்பட்டையில் சிறிய எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகளின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். முதல் பெயர் மட்டும் போதும், வகுப்பும் வீட்டு விவரமும் தெருச்சுவரில் வேண்டாம்.

பிறகு

காய்ந்த ஒரு வாரத்துக்குப் பின் வெளிச்சுவருக்கான கிளியர் கோட் ஒன்று அடித்தால் போஸ்டர் பசையைத் துடைப்பது எளிது. யாராவது ஒட்டிவிட்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஒன்று நின்றால் மறுநாள் ஐந்தாகும். தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் மதிலை ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள், கட்சிக்காரர்களிடம் முன்கூட்டியே நேரில் சொல்லிவைப்பது எப்போதும் பலிக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் சுவரே வெள்ளமும் வெயிலும் தின்றுபோய், முழுதாகப் பழுதுபார்த்து 2011-இல் மறுபடி திறக்கப்பட்டது. உங்கள் மதிலும் நான்கைந்து ஆண்டில் மங்கும். அப்போது பழைய படத்தை அப்படியே தொட்டு எழுத வேண்டியதில்லை. முழுச் சுவரையும் ஐந்தடிக்கு ஐந்தடியாகப் படம் எடுத்துப் பள்ளியில் வைத்துவிட்டு, வெள்ளையடித்து, அடுத்த பிள்ளைகளிடம் கொடுங்கள். அதற்காகப் பள்ளி அலமாரியில் ஒரு கோப்பு வேண்டும்: அனுமதிக் கடிதங்கள், பெற்றோர் ஒப்புதல், முதல் நாள் வந்த குடிசைப் படங்கள் உட்பட எல்லாத் தாள்களும், நிற எண் சீட்டு, எந்த ஆண்டு எந்த பிரைமர் எத்தனை லிட்டர் போனது என்ற கணக்கு.